கவியும் யாழும்: கல்முனைக் கரையிற் பாட்டியற்றலும் இசையிலக்கணமும்

ஈழத்தின் கீழ்கரையிலே, கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் நெடுவீதியில், வடக்கே சாய்ந்தமருதும் தெற்கே நிந்தவூரும் ஆகிய இரு முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே கிடப்பது காரைதீவு. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. வடக்கே கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை எனவும், தெற்கே அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனவும், முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் விரவி ஒரே நூலிற் கோத்த மணிகள்போல இக்கரை முழுவதும் அமைந்துள்ளன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை இவை யாவும் மட்டக்களப்பு என்னும் பெயருக்குள் அடங்கியிருந்தன. இப்பகுதிப் பாடல்கள் இன்றும் நூல்களில் மட்டக்களப்புப் பாடல்கள் என்றே வழங்கப்பெறுவதன் காரணம் இதுவே.

இக்கரையில் இசை தொடர்பான இருபெருஞ் செல்வங்கள் தோன்றின. ஒன்று, காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இயற்றிய யாழ் நூல். தமிழிசையின் இலக்கணத்தை நரம்பின் நீளத்தாலும் எண்ணின் கணக்காலும் நிறுவ முற்பட்ட பெருநூல் அது. மற்றொன்று, காரைதீவைச் சூழ்ந்த முஸ்லிம் ஊர்களின் வயல்வெளிகளிலும் வாசல்களிலும் எழுதாக் கிளவியாக வழங்கிய கவி. இலக்கணம் கற்றவர் பாட்டுச் செய்யாதிருத்தலும், பாட்டுச் செய்பவர் இலக்கணம் கல்லாதிருத்தலும் உலகெங்கும் காணப்படுவனவே. எனினும், கூப்பிடு தூரத்தில் அவ்விரண்டும் ஒருங்கே வாழ்ந்த இடம் இது. ஆகவே, பாட்டியற்றுவோனுக்கு இசையிலக்கணம் யாது பயன் செய்கின்றது என்னும் வினாவுக்கு விடை தேடுவதற்கு இதனினும் பொருத்தமான களம் அரிது.

அடிகளின் பிள்ளைத்திருநாமம் மயில்வாகனம். 1892இற் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி பெற்று, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்விலும், 1919இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறினார். ஒருவரே பண்டிதரும் பௌதிகம் பயின்றவருமாய் அமைந்தமை யாழ் நூலின் உயிர்நிலையாகும். சொல்லாராய்ச்சி மட்டும் கைவந்தவர் அந்நூலைத் தொடங்கியிருக்கமாட்டார். பௌதிகம் மட்டும் அறிந்தவர்க்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை திறவாக் கதவாகவே இருந்திருக்கும். காரைதீவு கண்ணகியம்மன் கோயிலை நடுவாகக் கொண்ட ஊர் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. கண்ணகியின் வழக்கைக் கோயிலிற் பாடக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்குச் சிலப்பதிகாரம் வெறும் ஏட்டுநூலாக இருந்திருத்தல் இயலாது.

அந்நூலின் அடிப்படை இது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என நரம்பு ஏழு. அவற்றுக்குப் பழையோர் வகுத்த அலகு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2, கூட்டினால் 22. குரலுக்கும் இளிக்கும் இடையே நிற்பது 13 அலகு. நரம்பை மூன்று கூறாக்கி இரண்டு கூற்றை மீட்டினால் பிறக்கும் ஒலியே இளி. இவ்வாறு இளிக்கு இளி, அதற்கு இளி எனத் தொடர்ந்து செல்ல ஏனைய நரம்புகள் யாவும் பிறக்கும். பின்னர், குரல் நின்ற இடத்தில் துத்தத்தைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை. உழையைக் குரலாகக் கொண்டால் அரும்பாலை. இளியைக் கொண்டால் கோடிப்பாலை. இங்ஙனம் ஒரே செம்பாலையிலிருந்து எழுவகைப் பாலையும் தோன்றும். இற்றை வழக்கிற் கூறின், அரிகாம்போதியிலிருந்து நடபைரவியும் சங்கராபரணமும் கரகரப்பிரியாவும் நரம்பொன்றையும் மாற்றாமல், நிற்குமிடத்தை மாற்றுவதால் மட்டும் பிறக்கும். 1917இற் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் அலகு 24 என்று வாதிட்டார். அடிகள் 22 என்றே கொண்டார். அவ்வழக்கின் தீர்ப்பு எவ்வாறாயினும், இருவரும் தமிழிசைக்குக் கணக்குண்டு என்பதை நாட்டினர்.

யாழ் நூல் 1947 ஜூன் மாதத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் துணையுடன் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடிகள் கணித்த அளவுப்படி அமைத்த யாழ்கள் அங்கே ஒலித்தன. அடுத்த மாதம், ஜூலை 19ஆம் நாள், அடிகள் மறைந்தார். நூலை விரித்துரைக்கவும், வந்த தடைகளுக்கு விடை கூறவும், பாட்டியற்றுவோர் கையில் அதனை ஒப்படைக்கவும் ஆசிரியர்க்குக் காலம் வாய்க்கவில்லை.

இனி, அடிகள் தம் ஆராய்ச்சிக்கு முதலாகக் கொண்ட அரங்கேற்று காதையே பாட்டியற்றுவோனைப்பற்றி என்ன கூறுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். மாதவியின் அரங்கேற்றத்துக்குத் துணைநின்றோரை இளங்கோவடிகள் நிரலே வைக்கின்றார்: ஆடலாசான், இசையாசிரியன், நன்னூற் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன். சொற்களைச் செய்பவன் புலவன். அவற்றின் கருத்தறிந்து இசையிற் பொருத்துபவன் இசையாசிரியன். இருவரும் வேறாவர். ஆயினும் ஒருவன் தொழிலை மற்றவன் அறியாதிருத்தல் ஆகாது என்பதே அப்பகுதியின் போக்கு. தொல்காப்பியரும் உயிர் தன் மாத்திரை கடந்து ஒலித்தலையும் ஒற்று நீண்டு இசைத்தலையும் குறித்து, அவை யாழோர் நூலின்பாற்பட்டன என்று ஒதுங்கிக்கொண்டார். யாப்பு முடியும் எல்லையில் இசை தொடங்குகின்றது என்பதை இலக்கண நூலே ஒப்புக்கொண்ட இடம் அது.

இவ்வெல்லை, ஏட்டிலன்றி வாயிலே வாழும் கவியில் எவ்வாறு அமைகின்றது என்பதைக் காணலாம்.

கவி என்பது இக்கரை முஸ்லிம் மக்கள் தம் நாட்டுப்பாடலுக்கு இட்ட பெயர். எழுத்தறியாத பெண்டிரும், வட்டைகளிற் காவல் கிடந்த உழவரும் பாடியது. வெள்ளாமை விளைந்த காலத்தில் இரவு முழுவதும் பரணில் விழித்திருந்தவன், அடுத்த வயலின் வாடியிலிருப்பவனுக்குக் கேட்கப் பாடுவான். அவன் மறுகவி தொடுப்பான். மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் விளித்துக் கூறும் காதலும் ஊடலும் அதன் பெரும்பொருள். வறுமையும், பிரிவும், கொடுத்த வாக்குத் தவறியவன்மீது கொண்ட சினமும் அதில் உண்டு. தாய்வழிக் குடிமுறையும், மணமகன் பெண்வீட்டிற் சென்று வாழும் வழக்கும் முஸ்லிம்களுக்கும் தமிழர்க்கும் பொதுவாய் அமைந்த நாடு இது. ஆதலின் உறவுமுறைச் சொற்கள் கவியில் எய்தும் கனத்தை வேற்றூரார் எளிதில் உணரார்.

அதன் வடிவு எளிது. நான்கு சிற்றடிகள், முதலடியும் மூன்றாமடியும் எதுகையால் தழுவுவது பெருவழக்கு. இரண்டாம் அடியின் இறுதியிலும் நான்காம் அடியின் இறுதியிலும் குரல் நீண்டு நிற்கும். ஒரே மெட்டு நூற்றுக்கணக்கான கவிகளுக்குப் பொருந்தும். சீரில் அசை மிகுந்தால் விரைந்தும், குறைந்தால் உயிரை நீட்டியும் பாடுவோர் இட்டுநிரப்புவர். மெட்டின் ஏற்ற இறக்கம் சில நரம்புகளுக்குள் அடங்கும். இராகப்பெயர் இல்லை, தாளம் தட்டுவாரும் இல்லை. எனினும் பிழைபட்ட கவி எது என்பதைக் கேட்டவுடன் அங்குள்ள முதியவள் கூறிவிடுவாள். பெயரிடப்படாத இலக்கணமும் இலக்கணமே. அதனை அறிந்தவள் இலக்கணி அல்லள் என்று தள்ளுவது, பேசுவோரெல்லாம் தொல்காப்பியம் கற்றபின்னரே பேசத்தொடங்கினர் என்று கொள்வதனோடு ஒக்கும்.

ஈண்டு ஒரு வரலாற்றுண்மையைக் கருதுதல் வேண்டும். யாழ் நூல் நரம்பை முதலாகக் கொண்டது. கவியோ நரம்புக் கருவி இல்லாத சூழலில் வளர்ந்தது. இக்கரை முஸ்லிம்கள் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அந்நெறியில் வந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலில் இசை கேட்டலைப்பற்றித் தனி நூற்பகுதி ஒன்றே வகுத்துள்ளார். இனிய குரலும், அளவுபட்ட ஓசையும், பொருள் பொதிந்த செய்யுளும் தம்மளவிற் குற்றமுடையன அல்ல என்று படிப்படியாக நிறுவி, மதுவருந்துவோர் கூட்டத்துக்கு உரியனவாய் இருந்த நரம்புக் கருவிகளையும் சில துளைக் கருவிகளையும் மட்டும் விலக்கி, தப் எனப்படும் கைப்பறையை அவர் ஏற்றுக்கொள்கின்றார். அவர் நூலை ஊரிலே ஓதியவர் சிலரேயாயினும், அதன் பயன் ஊர்வழக்கிற் படிந்துள்ளது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் நிகழும் கொடியேற்ற விழாவிற் பக்கீர் பாவாமார் றபான் கொட்டிப் பாடுவர். மணவீட்டிலும் பெருநாளிலும் பொல்லடி ஆடுவோர் கோலோடு கோல் தட்டிப் பாடுவர். மௌலிது ஓதுவோர் கருவியின்றிக் குழுவாகக் குரலெடுப்பர். எங்கும் குரலும் அளவுமே உள்ளன; சுருதி பிடிக்கும் நரம்பு எங்கும் இல்லை.

நரம்பில்லாத இடத்தில் இலக்கணம் வேறுவழியில் வளரும். இசைக்கு இரு கூறுகள் உண்டு: ஒலியின் உயர்வு தாழ்வு ஒன்று, காலத்தின் நெடுமை குறுமை மற்றொன்று. முன்னதை நரம்பு அளக்கும். பின்னதைக் கையும் கோலும் நாவும் அளக்கும். முஸ்லிம் பாவலர் பின்னதில் வல்லவராயினர் என்பதற்குத் தமிழ் இலக்கியமே சான்று. காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதர் சந்தங்களின் வழிநின்று நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடினார். சந்தம் என்பது மெட்டின் எலும்புக்கூடு. குற்றெழுத்தும் நெட்டெழுத்தும் ஒற்றும் நிற்கும் ஒழுங்கு மாறாதாயின், பொருள் முற்றும் வேறாயினும் பழைய பாட்டின் நடை புதிய பாட்டில் உயிர்த்தெழும். இசை கற்றிராத புலவனுக்குக் கிடைத்த இசையிலக்கணம் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுப்புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று குறித்தமையும் இதன் தொடர்ச்சியாகும்.

அரபு மரபும் இதற்குத் துணைசெய்தது. எட்டாம் நூற்றாண்டிற் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீல் அரபுச் செய்யுளின் பதினைந்து ஓசைவகைகளை வகுத்தவர். கடைத்தெருவிற் கன்னார் சம்மட்டி அடிக்கும் ஓசையைக் கேட்டபொழுது அவ்வகுப்பு அவர் உள்ளத்தில் உதித்தது என்பது செவிவழிக் கதை. கதை மெய்யோ பொய்யோ, அளவின் இலக்கணம் தட்டும் ஓசையிலிருந்து பிறந்தது என்று அம்மரபினர் கருதியமை விளங்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் பூஸீரி இயற்றிய புர்தா, பஸீத் என்னும் ஓசைவகையில் அமைந்தது. அரபுமொழி அறியாத தமிழ் முஸ்லிம் ஊர்களிலும் அது பிழையின்றிக் குழுவாக ஓதப்படுவதற்குப் பொருளறிவினும் அவ்வோசையறிவே காரணம்.

இதனால், இஸ்லாமிய உலகில் நரம்பின் கணக்கு இல்லை என்று கருதுதல் பெரும்பிழையாகும். பத்தாம் நூற்றாண்டின் அல்-பாராபி எழுதிய கிதாபுல் மூசீகா அல்-கபீர், ஊத் என்னும் நரம்புக் கருவியை அடிப்படையாகக் கொண்டு இசையிலக்கணம் வகுத்த பெருநூல். 1294இல் மறைந்த ஸபியுத்தீன் அல்-உர்மவி ஓர் எண்மத்தை 17 கூறாக்கினார். அவர் 17 கொண்டதும் நம்மவர் 22 கொண்டதும், மூன்றுக்கு இரண்டென்னும் அதே நரம்பு விகிதத்தை வெவ்வேறு வகையில் விரித்தமையால் விளைந்த வேறுபாடே. அல்-பாராபி கூறிய மற்றொரு கருத்து இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. பாடுதலும் மீட்டுதலும் முந்தியன. அவை முற்றி நிறைந்து நெடுங்காலம் சென்றபின்னரே இசையின் அறிவுநூல் தோன்றும் என்பது அவர் துணிபு. அவர் தாமே ஊத் மீட்டுவதில் வல்லவராயிருந்தும் இதனைக் கூறினார்.

இக்கருத்தைக் கொண்டு யாழ் நூலை நோக்கின் ஓர் அருமை தோன்றும். அல்-பாராபிக்குக் கருவி கையில் இருந்தது. பாட்டுக் காதில் இருந்தது. அவற்றினின்று இலக்கணத்தை எடுத்தார். அடிகளுக்கோ கருவி அழிந்துபோயிற்று. அதில் எழுந்த பாட்டும் அழிந்தது. எஞ்சியது இலக்கணத்தின் சில துண்டுகள் மட்டுமே. அவற்றைக்கொண்டு கருவியைக் கணக்கிட்டு மீட்டார். எனினும் மீண்ட யாழில் மாதவி பாடிய மெட்டு மீளவில்லை, மீளவும் இயலாது. வேனிற் காதையிலும் கானல்வரியிலும் சொற்கள் உள்ளன, நரம்புகளின் பெயர்களும் உள்ளன, பாட்டு இல்லை. தேவாரப் பண்களை ஓதுவார் வாயிலாக ஒருவாறு அறிய முடிந்ததற்குக் காரணம், அவை இடையறாது பாடப்பட்டு வந்தமையே. ஆதலின் அடிகள் தேவாரத்துக்கென ஓர் இயலையே வகுத்தார்.

சிலப்பதிகாரப் பாட்டுக்கு நேர்ந்த இக்கேடு இன்று கவிக்கு நேர்ந்துகொண்டிருக்கின்றது. வித்துவான் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வெளிவந்தது. நாட்டுப்பாடல்கள் அறிஞருலகில் மதிப்புப் பெற அது பெருந்துணையாயிற்று. பின்னர் நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளை ஊரூராய்த் தேடித் தொகுத்தார். இவ்வுழைப்பு இல்லையேற் சொற்களும் எஞ்சியிரா. ஆயினும் அச்சேறியன பெரும்பாலும் சொற்களே. அடி எங்கே நீள்கின்றது, எந்நரம்பில் எழுந்து எந்நரம்பில் இறங்குகின்றது என்பதைத் தாளிற் பொறிக்கும் வேலை சொல் தொகுத்தவரின் வேலை அன்று. இசையிலக்கணம் கற்றவரின் வேலை. அவர்களோ சபைக் கச்சேரியை நோக்கியிருந்தனர்.

இதற்கிடையிற் கவி பிறந்த களங்களே மாறின. எருமை பூட்டிச் சூடு மிதித்த களத்தில் உழவுயந்திரம் வந்தது; இரவுக் காவலின் தேவை சுருங்கியது. வானொலி வந்தபின், திரைப்பட மெட்டில் இஸ்லாமியக் கருத்தை அமைக்கும் பாடல்கள் ஊர்தோறும் ஒலித்தன. அவற்றை இழிவென்று சிலர் கூறுவர். அது நேரிய கருத்தன்று. கிடைத்த மெட்டிற் புதுச்சொல் அமைத்தல் காசிம் புலவர் காலத்திலிருந்து வந்த வழக்கே. மெட்டு வந்த வாயில் மட்டுமே வேறு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களின் கரையோரத் தெருக்களை வாரிச்சென்றது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. அன்று மாண்ட முதியோருடன் மாண்ட மெட்டுகளுக்குக் கணக்கில்லை.

மெட்டைப் பொறிக்குமிடத்தும் ஓர் இடையூறு உண்டு. கருநாடக இசை கற்ற ஒருவர் கவியைக் கேட்டவுடன், இஃது இன்ன இராகத்தின் சாயல் என்று கூறிவிடுதல் இயல்பு. அப்பெயரை ஏற்றால், அவ்விராகத்துக்குரிய ஏனைய நரம்புகளும் கமகங்களும் அடுத்துப் பாடுவோர் வாயில் தாமே வந்து புகும். இரண்டு தலைமுறையிற் கவி கீர்த்தனையாகிவிடும். ஹங்கேரியிற் பேலா பார்தோக் (1881–1945) நாட்டுமக்கள் பாட்டை ஒலிப்பதிவுக் கருவியிற் சேர்த்தபொழுது, அவற்றைத் தாம் கற்ற நகரத்து இசையிலக்கணத்துக்குள் அடக்க முற்படவில்லை. பேச்சுநடையில் நெகிழ்ந்து செல்வன எவை, ஆட்டநடையில் அளவு வழாது செல்வன எவை என்று அப்பாடல்களினின்றே வகுப்பைக் கண்டார். பின்னர்த் தாம் இயற்றிய இசைக்கு அவ்வகுப்பையே ஊற்றாகக் கொண்டார். இக்கரையிலும் அவ்விரு நடைகளும் தெளிவாக உள்ளன: கவி முதலாவது, பொல்லடிப் பாட்டு இரண்டாவது. தி. சதாசிவ ஐயர் 1940இல் வெளியிட்ட வசந்தன் கவித்திரட்டிலுள்ள பாட்டுகளும் கோலடித்து ஆடுவதற்கு உரியன. கோயில் வாசலின் வசந்தனையும் மணவாசலின் பொல்லடியையும் அளவிலே ஒப்பிட்டு ஆராய்வோர், இரு சமூகத்தாரின் உறவைப்பற்றிக் கல்வெட்டு கூறாத சில செய்திகளை அறியக்கூடும்.

அத்தகைய ஆய்வுக்கு வேண்டிய கருவியை அடிகள் செய்தே வைத்துள்ளார். யாழ் நூலின் நரம்புக் கணக்கு இராகப்பெயரைச் சாராதது. குரல் எது என்று நிறுத்தி, அதிலிருந்து எத்துணை அலகு ஏறிற்று, எத்துணை இறங்கிற்று என்று மட்டும் குறிக்க அது இடந்தருகின்றது. ஐந்து நரம்புக்குள் அடங்கும் மெட்டுக்கும், அலகுக்கு இடையே வழுவி நிற்கும் ஒலிக்கும் அதில் இடமுண்டு. நாட்டுக்கவி அந்நூலின் பொருளன்று. ஆயினும் கவியை அதன் இயல்பு கெடாமல் அளப்பதற்குத் தமிழில் உள்ள அளவுகோல் அதுவே. மருதமுனைப் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் போன்றோர் மரபுயாப்பைக் கைக்கொண்டு நபிமொழியைத் தமிழ்ச் செய்யுளாக்கினர். யாப்பின் அளவுகோல் இரு சமூகத்தார்க்கும் பொதுவாயிற்று என்றால், நரம்பின் அளவுகோல் பொதுவாவதற்குத் தடை யாதும் இல்லை.

யாழ் நூலில் நீரரமகளிர் என்று ஒரு பகுதி உண்டு. மட்டக்களப்பு வாவியில், நிலவுக் காலத்து இரவுகளில், நீருக்கடியிலிருந்து எழும் பாடும்மீனின் ஒலியை நீரரமகளிரின் இன்னிசையாக உருவகித்து, அவ்வொலியிலே நரம்பின் பெயர்களைக் கேட்கின்றார் அடிகள். அவ்வாவியின் தென்கோடிக்கு அப்பால், காரைதீவின் மேற்கே விரியும் வட்டைகளில், அதே நிலவில் இரு பரண்களுக்கிடையே கவியும் மறுகவியும் நடந்துகொண்டிருந்த காலம் அது.